முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்!



பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்த்த காசில் நம்மில் பலர் தாமானில் மலிவு விலை வீடு வாங்கியிருக்கிறோம். குடியேறிய சில மாதத்தில், "குசினி ரொம்பச் சின்னதா இருக்கு, பின்னால கொஞ்சம் இழுத்துக் கட்டுவோம்" என்ற பேச்சு எழுகிறது. நியாயமான ஆசைதான். ஆனால், இந்த இடத்தில்தான் பலருடைய சேமநிதிப் பணம் பறிபோகிறது.

"குத்தகையாளர் நம்ம ஆளுதான், கோயில் திருவிழாவுல பழக்கம்" என்கிறோம். எழுத்து இல்லை, ரசீது இல்லை. பாதிப் பணம் கைமாறிவிடுகிறது. பின்சுவரை இடித்துப் போட்டதும் ஆள் காணாமல் போகிறார். மழை உள்ளே அடிக்கிறது. அடுப்பு அஞ்சடிக்கு வருகிறது. நம்ம ஆளு என்றால் எழுதிக் கொடுக்க ஏன் தயங்கவேண்டும்?

முதலில் மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். அவர்கள் முன்பு கட்டிய வீட்டை நேரில் பாருங்கள். சி.ஐ.டி.பி. எனும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்தவரா என்று விசாரியுங்கள்.

அடுத்து, எல்லாவற்றையும் தாளில் எழுதுங்கள்: நீள அகலம், கூரைத் தகடு எந்த வகை, தரைக்கு என்ன ஓடு, எந்தத் தேதியில் முடியும், மொத்தம் எவ்வளவு. இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தை வேலை நகர நகரக் கொடுங்கள். 12,000 வெள்ளி வேலை என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்திடும்போது 1,200, அடித்தளம் முடிந்ததும் 3,600, சுவரும் கூரையும் முடிந்ததும் 3,600, தரையும் பூச்சும் முடிந்ததும் 2,400. கடைசி 1,200 வெள்ளியை, ஒரு நல்ல மழை பெய்து கூரை ஒழுகவில்லை என்று கண்ட பிறகே கொடுங்கள். ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குங்கள்.

சுவரில் கைவைக்கும் முன் ஊராட்சி மன்ற அனுமதி வேண்டும். 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அனுமதியில்லாமல் கட்டினால் இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வருவது வீட்டுக்காரர் பேருக்குத்தான்.

இவ்வளவு செய்தும் ஏமாற்றப்பட்டால் அழுதுகொண்டு உட்காரவேண்டாம். 'திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா' எனும் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான வழக்கை அங்கே தொடுக்கலாம். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் போகவேண்டும். அங்கே உங்களுக்காகப் பேசுவது அந்த ஒப்பந்தத் தாளும் ரசீதுகளும்தான்.

இன்னும் தோட்ட வீட்டிலேயே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிர்வாகம் கொடுத்த வீட்டைப் பழுதுபார்ப்பது நிர்வாகத்தின் கடமை என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கூரை ஒழுகினால் கைக்காசைப் போடாதீர்கள். நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள், தொழிற்சங்கத்திடமும் சொல்லுங்கள்.

வியர்வை சிந்திச் சேர்த்த காசு, தோழர்களே! கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்; கண்ணால் பார்த்துக் கொடுங்கள்.