மச்சில் கிடக்கும் பம்பு ஸ்டவ்

கேஸ் வந்த பிறகு நாகர்கோவில் பக்கம் பித்தளை பம்பு ஸ்டவ்களெல்லாம் மச்சில் ஏறிவிட்டன. எடைக்குப் போட அவசரப்படாதீங்க, சகோதரிகளே! முதலில் இவற்றைக் கவனியுங்கள்.

1. டேங்கில் காந்தம் வையுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம். கால்கள் இரும்பாக இருப்பது சகஜம்தான்.

2. புளி போட்டுத் தேய்க்குமுன், பொறித்திருக்கும் எழுத்துக்களைப் படியுங்கள். 'பிரைமஸ்' என்றிருந்தால், 1892-ல் ஸ்வீடனில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் தொடங்கிய கரி பிடிக்காத ஸ்டவ். 1953-ல் எவரெஸ்ட் ஏறிய குழுவினரும் பிரைமஸ்தான் கொண்டு போனார்கள். 1911 முதல் ஆண்டுக்கு ஓர் ஆங்கில எழுத்து வீதம் அடித்திருப்பதால், வயதும் தெரிந்துவிடும்.

3. பர்னர், பம்பு, மூடி, கால், மேல் வளையம் எல்லாம் ஒரே ஸ்டவ்வுக்கு உரியவையா? மாற்று பர்னர் போட்டிருந்தால் விலை குறையும். ஒடுக்கு, ஈயப்பற்று இருந்தாலும் அப்படியே.

எங்க மாமியின் ஸ்டவ்வில் அடியில் ஈயப்பற்று இருக்கு. வாங்குகிறவருக்கு அது குறை. வீட்டில் எல்லோருக்கும் அதில்தான் மாமி சோறு பொங்கினார்கள், அதனால் விற்கவில்லை.

ஒன்று மட்டும் முக்கியம்: வேலை செய்கிறதா என்று பற்ற வைத்துப் பார்க்கவே கூடாது. காற்றழுத்தத்தில் பழைய பற்று விட்டால் தீ பாய்ந்துவிடும். குழந்தைகள் உள்ள வீடு, ஜாக்கிரதை!