இரு கணிப்பொறிக்கு ஒரு விசைப்பலகை



பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது, புலவர் பலருக்கும் பொதுவாக நூற்சாலையும் அச்சுக்கூடமும் கண்டார். தனித்தனியே வாங்க இயலாததைப் பொதுவில் வைப்பது எங்கள் வானம் பார்த்த சீமைக்கு இன்றும் வேண்டிய வழக்கம்.

பள்ளியிலே பழைய கணிப்பொறிகள் இரண்டு. கம்பியில்லா விசைப்பலகையோ ஒன்றுதான். புளூடூத் அடாப்டரை ஒன்றிலிருந்து கழற்றி மற்றொன்றில் செருகினால் போதும் என்று பலரும் எண்ணுகின்றனர். போதாது.

1994-இல் சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கிய முறை இது. பெயரோ பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னன் ஹரால்டின் பட்டப்பெயர்! இதில் விசைப்பலகையும் கணிப்பொறியும் முதலில் இணையும்போது தமக்குள் ஓர் இரகசிய எண்ணை வகுத்துக்கொள்கின்றன. அடாப்டரின் முகவரி அதனோடு கூடவே செல்லும். இரகசிய எண்ணோ பெரும்பாலும் கணிப்பொறியின் வட்டிலேயே தங்கிவிடும். ஆகவே இரண்டாவது கணிப்பொறி புதிதாக இணைய வேண்டும். அப்போது விசைப்பலகை, அதே முகவரிக்குரிய பழைய எண்ணை நீக்கிப் புதியதை எழுதிக்கொள்ளும். முதற் கணிப்பொறிக்குத் திரும்பினால் அது அந்நியமாகிவிடும்.

சில அடாப்டர்கள் மட்டும் அவ்வெண்ணைத் தம்முள்ளேயே வைத்துக்கொண்டு, கணிப்பொறியிடம் சாதாரணக் கம்பி விசைப்பலகைபோல நடிக்கும். இவற்றை எதில் செருகினாலும் வேலை நடக்கும். இயங்குதளம் எழுமுன்னரே கூட. வாங்குமுன் இவ்வசதி உண்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கிடைக்காவிடில், மூன்று கணிப்பொறிகளை நினைவில் வைக்கும் விசைப்பலகைகள் உள. அவற்றுக்குக் கணிப்பொறிதோறும் தனி அடாப்டர் வேண்டும்.