"ரூம்ஸ்" போர்டில் கமா எதுக்கு? ஆங்கில அப்பாஸ்ட்ரபியை சரியாக போடுவது எப்படி

தென்காசி:
குற்றாலத்தில் சாரல் அடிக்க ஆரம்பித்து விட்டால் போதும். ஐந்தருவி ரோடு, இலஞ்சி, தென்காசி பக்கம் புதுசு புதுசாக போர்டுகள் முளைத்து விடும். தங்கும் ரூம், பழக்கடை, டிபன் கடை என்று தமிழுக்கு கீழே ஆங்கிலத்திலும் எழுதுவார்கள். அதில் பலரும் தடுமாறுவது ஒரு சின்ன குறியில்தான். எழுத்துக்கு தலைக்கு மேலே போடுகிற கமா. இதற்கு பெயர் அப்பாஸ்ட்ரபி.

தமிழில் இந்த குறிக்கு வேலை இல்லை. "அப்பாவின் பெயர்", "அப்பாவோட பேரு" என்று சொல்லும்போதே யாருடையது என்பது தெரிந்து விடும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை. அன்றாடம் எழுதுவதில் அந்த கமாவுக்கு முக்கியமான வேலை இரண்டே இரண்டுதான்.

யாருடையது?

முதல் வேலை, யாருக்கு சொந்தம் என்று காட்டுவது. பான் கார்டு விண்ணப்பத்தில், பேங்க் பாரத்தில் "ஃபாதர்’ஸ் நேம்" என்று இருக்கும். கடைசி "எஸ்" எழுத்துக்கு முன்னால் கமா நிற்கும். பாளையங்கோட்டை செயின்ட் ஜான்ஸ், செயின்ட் சேவியர்ஸ் கல்லூரிகளின் ஆங்கில பெயரிலும் இப்படித்தான்.

ஒரு பையனின் புத்தகம் என்றால் "எஸ்"சுக்கு முன்னால் கமா. பல பையன்களின் ஹாஸ்டல் என்றால் "எஸ்"சுக்கு பின்னால் கமா. ஆனால் மென், விமன், சில்ட்ரன் ஆகிய சொற்கள் "எஸ்" இல்லாமலேயே பலரை குறிப்பவை. அதனால் இவற்றுக்கு எப்போதும் "எஸ்"சுக்கு முன்னால்தான்.

குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரியின் ஆங்கில பெயர் "காலேஜ் ஃபார் விமன்" என்று முடியும். அங்கே கமாவுக்கு வேலை இல்லை. அதையே "விமன்ஸ் காலேஜ்" என்று எழுதினால் "என்", "எஸ்" இரண்டுக்கும் நடுவே கமா கண்டிப்பாக வேணும்.

விழுங்கிய எழுத்து

"வந்து விட்டான்" என்பதை நாம் பேச்சில் "வந்துட்டான்" என்று சுருக்குகிறோம். ஆங்கிலத்தில் "டூ நாட்" என்பது "டோன்ட்" ஆகிறது. அப்போது "நாட்" என்ற சொல்லில் "ஓ" எழுத்து காணாமல் போகிறது. அந்த எழுத்து இருந்த இடத்தில் கமா போடணும். இது இரண்டாவது வேலை.

எங்கே போடக்கூடாது?

ரூம்ஸ், ஃப்ரூட்ஸ், டிபன்ஸ்... இவை ஒன்றுக்கு மேல் இருப்பதை மட்டும் சொல்கின்றன. யாருக்கும் சொந்தம் என்று சொல்லவில்லை. எழுத்தும் விடுபடவில்லை. எனவே கமா போட்டால் தப்பு. பழக்கடை போர்டில் "மங்குஸ்தான்ஸ்", "ரம்புட்டான்ஸ்" என்று எழுதினாலும் இதே கதைதான்.

லீவு லெட்டர், வேலை விண்ணப்பம் இரண்டிலும் அடிக்கடி வரும் தப்பு கடைசி வரியில் இருக்கிறது. "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி" என்பதில் "யுவர்ஸ்" சொல்லுக்கு கமா கிடையாது. "உங்களுடைய" என்ற அர்த்தம் அந்த சொல்லிலேயே இருக்கிறது. அதேபோல் "இட்ஸ்" என்ற சொல்லை "இட் ஈஸ்" அல்லது "இட் ஹேஸ்" என்று விரித்து படித்து பாருங்கள். பொருந்தினால் கமா போடலாம். "அதனுடைய" என்ற அர்த்தம் வந்தால் போடக்கூடாது.

பாஸ்போர்ட்டில் உஷார்

டிசோசா, டிகுரூஸ் போன்ற பெயர்களை "டி" எழுத்துக்கு பின்னால் கமா போட்டும் எழுதுவார்கள். ஆனால் பாஸ்போர்ட்டின் அடியில் மெஷின் படிக்கும் 2 வரிகளில் இந்த குறி வராது. சர்வதேச விதிப்படி அதை விட்டு விட்டு எழுத்துக்களை சேர்த்தே அச்சடிக்கிறார்கள். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்கு போகிறவர்கள் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட், விமான டிக்கெட் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. ஏர்போர்ட்டில் போய் நின்றுகொண்டு விளக்கம் சொல்ல முடியாது.

வெள்ளைக்காரனுக்கும் குழப்பம்

இதில் நாம் மட்டும் தடுமாறவில்லை. அமெரிக்காவில் 1890-ல் இருந்தே ஊர், மலை, ஆறு பெயர்களில் இந்த கமாவை அரசு வாரியம் தவிர்த்து வருகிறது. இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி 2009-ல் தெரு போர்டுகளில் இனி போடுவதில்லை என்று அறிவித்தது. அந்த நாட்டில் இந்த குறியை காப்பாற்றுவதற்கென்றே 2001-ல் ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற முன்னாள் பத்திரிகையாளர் ஒரு சங்கம் தொடங்கினார். 2019-ல் தனது 96-வது வயதில் அதை நிறுத்திக்கொள்வதாக சொன்னார்.

வெட்டி வைத்துக்கொள்ள...

* ஒருவருடையது: "எஸ்"சுக்கு முன்னால் கமா.
* "எஸ்" சேர்ந்த பலருடையது: "எஸ்"சுக்கு பின்னால்.
* எழுத்து விடுபட்டால்: விடுபட்ட இடத்தில்.
* ஒன்றுக்கு மேல் என்று மட்டும் சொன்னால்: கமா வேண்டாம்.

பெயிண்டரிடமோ, பிளக்ஸ் கடையிலோ வாயால் சொல்லாமல் பேப்பரில் எழுதி கொடுக்கணும். பிரிண்ட் போடும் முன்பு ஒரு தடவை படித்து பார்த்தால், தப்பான போர்டுக்கு இரண்டாவது தடவை காசு கொடுக்க வேண்டியது இருக்காது.