நோன்பும் இச்சையடக்கமும்

சமணர்களாகிய எங்களுக்கு நோன்பு என்பது வினையை உதிர்க்கும் வழி. கிறித்தவத்தில் கணக்கு வேறு. மீட்பு இறைவனின் கொடை. நோன்பு அதற்குத் தரும் விலையன்று. பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் ஆவியின் கனியை 9 பண்புகளாக அடுக்குகிறார். முதலில் அன்பு, முடிவில் இச்சையடக்கம். கூலி என்னாமல் கனி என்றதைக் கவனிக்க வேண்டும்.

கத்தோலிக்கர் சாம்பல் புதன் தொடங்கி, ஞாயிறுகளை நீக்கி, ஈஸ்டருக்கு முன் 40 நாள் தவக்காலம் காக்கிறார்கள். அதில் நோன்போடு செபமும் தர்மமும் சேர்ந்தே வரும். நான் வியாபாரி, என் பாஷையில் சொல்றேன்: ஒருவேளைச் சோற்றில் மிச்சம் பிடித்த காசு பசித்தவன் இலைக்குப் போய்ச் சேரணும். நம்ம கல்லாவுக்கே திரும்பினால் அது சிக்கனம்; நோன்பாகாது. வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு, எந்தச் சமயத்தாராயினும், இதைச் சொல்லி வையுங்கள்.