பாலகாட்டுத் தூசியும் சுண்டெலிப் புரதமும்

கோலார் தங்கவயலில் பாலகாட், ஊரிகம், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க்கம், மைசூர் எனப் பெயர் பெற்ற சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர்களுள் மிகப் பலர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களினின்றும் சென்ற தமிழ் மக்களே ஆவர். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் கால்கொண்ட அத்தொழில் 2001 பிப்ரவரி 28-இல் முடிவுற்றது. பொறிகள் ஓய்ந்தன. எனினும், மார்பினுள் புகுந்த கல்தூசி ஓயவில்லை. அத்தூசிக்கும், அயல்நாட்டு ஆராய்ச்சிச் சாலையிற் சிறு குப்பியில் உறைய வைக்கப்பெறும் ஒரு சுண்டெலிப் புரதத்திற்கும் உள்ள தொடர்பை இன்று காண்போம்.

தங்கவயலின் பொன் வெண்கற்படிகத்தோடு பிணைந்தே கிடந்தது. அப்பாறையைத் துளையிடும்பொழுது எழும் கண்ணுக்குப் புலனாகாத சிலிக்காத் துகள்கள் மூச்சுடன் நுரையீரலை அடைகின்றன. 1940-களில் இவ்வயலின் தொழிலாளர் ஏழாயிரவர்க்கு மேற்பட்டோரைச் சோதித்தபொழுது, நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் சிலிகோசிஸ் என்னும் நோய்க்கு ஆளாகியிருந்தமை தெரிய வந்தது.

நுரையீரலிற் காவல் புரியும் வெள்ளணுக்கள் அத்துகளை விழுங்குகின்றன. ஆயினும் அதனைச் செரிக்க இயலாமல் தாமே மடிகின்றன. வெளிப்பட்ட துகளை மற்றோர் அணு விழுங்குகின்றது. இங்ஙனம் மீண்டும் மீண்டும் அழற்சி எழுந்து, மென்மையான நுரையீரல் தழும்பேறி இறுகுகின்றது.

உயிரணுவினுள் இவ்வழற்சிக்கு ஆணையிடுவது எது? சுரங்கத்தில் வேலை செய்தோர் மணிக்குறியை நன்கறிவர். ஆழத்திலிருந்து இத்தனை முறை மணி ஒலித்தால் கூண்டு ஏறும். இத்தனை முறை ஒலித்தால் நிற்கும். மேலே பொறியை இயக்குபவர் ஆளைக் காண்பதில்லை; குறியையே கேட்கின்றார். உயிரணுவிலும் அவ்வாறே குறிகள் கைமாறுகின்றன. கைனேஸ் என்னும் நொதிகள், பாஸ்பேட்டுத் துணுக்கு ஒன்றினை மற்றொரு புரதத்தின்மீது ஏற்றி, அதனைத் தூண்டுகின்றன அல்லது அடக்குகின்றன. ஓயாது ஒலிக்கும் மணியைப் போல் இக்குறி நிற்காது தொடருமாயின் நோய் முற்றுகின்றது. இம்முறையை விளக்கிய எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் ஆகிய இருவரும் 1992-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

சுண்டெலியின் உடலில் சுமார் 540 கைனேஸ்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 510-க்கு நேரான இணைகள் மனித உடலிலும் உண்டு. ஆதலின் எலியிடம் கற்றது பெரும்பாலும் நமக்கும் பயன்படும். ஆனால் எலியின் திசுவிலிருந்து ஒரு கைனேஸை மட்டும் பிரித்தெடுத்தல் அரிது. கிடைப்பதும் மிகச் சிறிது. எனவே அதற்குரிய மரபணுவைப் பாக்டீரியத்திலோ பூச்சி உயிரணுவிலோ புகுத்தி, அவற்றைக் கொண்டே அப்புரதத்தைப் பெருக்கித் தூய்மை செய்கின்றனர். 1973-இல் ஸ்டான்லி கோகன், ஹெர்பர்ட் பாயர் ஆகியோர் காட்டிய மரபணு இணைப்பு முறையின் பயன் இது. 1982 முதல் நீரிழிவு நோயாளர்க்குக் கிடைத்துவரும் மனித இன்சுலினும் இவ்வழியில் வந்ததே.

இதனால் விளையும் பயன் யாது? 2008-இல், சிலிக்காத் துகள் என்.எல்.ஆர்.பி.3 என்னும் புரதத்தைத் தூண்டி அழற்சி எழுப்புவதை ஆராய்ச்சியாளர் கண்டனர். 2016-இல், கைனேஸ் இனத்தைச் சேர்ந்த நெக்7 இல்லாத எலி உயிரணுக்களில் அத்தூண்டல் நிகழாமை புலனாயிற்று. வியப்பு யாதெனின், இங்கு நெக்7 பாஸ்பேட்டு ஏற்றுவதனால் அன்று, உடன் இணைவதனாலேயே உதவுகின்றது. ஏற்றும் ஆற்றல் நீக்கிய புரதத்தையும் நீக்காத புரதத்தையும் செய்து ஒப்பிட முடிந்தால் அன்றோ இத்தகைய வேறுபாடு விளங்கும்! எந்த மருந்து எந்தக் கைனேஸைத் தடுக்கும் என்பதையும் இத்தகைய தூய புரதத்தைக் கொண்டே முதலில் சோதிக்கின்றனர். பல கைனேஸ்களைத் தடுக்கும் நின்டெடானிப் என்னும் மருந்து, 2014 முதல் ஒருவகை நுரையீரல் தழும்பு நோயின் வேகத்தைத் தணிக்க வழங்கப்பட்டு வருகின்றது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. குப்பியிலுள்ள எலிப் புரதம் ஆராய்ச்சிக்குரியதேயன்றி மருந்தன்று. தழும்பேறிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொணரும் மருந்து இன்றுவரை இல்லை. உண்டு என்று பணம் கேட்போரை நம்பற்க. இந்நோயுற்றோரைக் காசநோயும் எளிதிற் பற்றும்.

ஆதலின், கல்லுடைக்கும் களங்களிலும் குவாரிகளிலும் வேற்று மாநிலங்களில் உழைக்கும் நம் மக்கள், நீர் தெளித்துத் துளையிடுதலையும் தக்க மூச்சுக்கவசத்தையும் வற்புறுத்திப் பெறுதல் வேண்டும். நெடுநாள் இருமலோடு மருத்துவரிடம் செல்லும்பொழுது, எங்கே, என்ன வேலை, எத்தனை ஆண்டு செய்தோம் என்பதை அவர் கேளாமலே சொல்லுதல் வேண்டும். பாலகாட்டில் இறங்கிய நம் முன்னோர்க்குத் தூசியின் தீங்கு காலங்கடந்தே தெரிந்தது. நமக்கோ முன்னரே தெரிந்திருக்கின்றது.