மராத்தி படிக்கத்தான் வேண்டுமா?

மும்பையில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். தாராவி, மாதுங்கா, செம்பூர், சயான் கோலிவாடா என்று எங்கே போனாலும் நம்மவர்களைப் பார்க்கலாம். வீட்டில் தமிழ். வெளியே ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. ஆபீஸ் போகிறவர்களானால் இங்கிலீஷும் வரும். மராத்தி தெரியுமா என்று கேட்டால் மட்டும், "ஏதோ கொஞ்சம் கொஞ்சம்" என்று சிரித்து மழுப்பி விடுவார்கள்.

இதற்கு நம்மவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நகரத்தின் வாகு அப்படி. காய்கறி வாங்கவும், பஸ் ஏறவும், தோல் பட்டறையில் கூலி பேசவும் "பம்பாய் ஹிந்தி" போதும். மராத்திக்காரரே நம் முகத்தைப் பார்த்ததும் ஹிந்திக்கு மாறிவிடுகிறார். பிறகு எங்கிருந்து கற்றுக்கொள்வது?

ஆனாலும், "மகாராஷ்டிரத்தில் பிழைக்க வந்தவன் மராத்தி பேசித்தான் ஆகவேண்டும்" என்ற குரல் விட்டு விட்டு எழுந்துகொண்டே இருக்கிறது. 2025-ல் மீரா ரோட்டில் இந்த விவகாரத்தில் ஒரு கடைக்காரரைக் கன்னத்தில் அறைந்தார்கள். அதைப் படம் பிடித்து ஊர் முழுக்கவும் காட்டினார்கள். நமக்கு இது புதிதல்ல. 1966-ல் சிவசேனை பிறந்தபோது முதல் அடி விழுந்ததே தென்னிந்தியர் மீதுதான். ஆபீஸ்களில் டைப்பிஸ்ட் வேலையையும் குமாஸ்தா வேலையையும் "மதராசிகள்" பிடித்துக் கொண்டார்கள் என்பது அன்றைய புகார். வேட்டி கட்டியவர்களையெல்லாம் "லுங்கி" என்று கேலி செய்தார்கள். உடுப்பி ஓட்டல்கள் மீதும் தாக்குதல் நடந்தது. அந்த நாட்களைப் பார்த்த பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியப் பிரஜை எந்த மாநிலத்திலும் குடியேறி வாழலாம். அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தந்த உரிமை அது. வெளிநாட்டில் குடியேறுகிறவனிடம் "எங்கள் மொழியைப் படித்துவிட்டு வா" என்று நிபந்தனை போடலாம்; திருநெல்வேலியிலிருந்து மும்பைக்கு ரயில் ஏறுகிறவனிடம் அப்படிச் சொல்ல முடியாது. 2016-ல் ஆட்டோ பெர்மிட்டுக்கு மராத்தி தெரிந்திருக்க வேண்டும் என்று மாநில அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 2017 மார்ச் மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

பள்ளிக்கூடம் என்றால் கதை வேறு. மராத்தியைக் கட்டாயப் பாடமாக வைத்ததை எதிர்த்து குஜராத்திப் பள்ளிகளை நடத்தியவர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 2004-ல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. சிறுபான்மையினர் தங்கள் மொழியைக் காத்துக்கொள்ளும் உரிமை, மாநில மொழியே வேண்டாம் என்று தள்ளும் உரிமை ஆகாது என்பது அதன் சாரம். பிறகு 2020-ல் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கற்பிக்க வேண்டும் என்று மாநில அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

"இது அநியாயம்" என்று நம்மில் சிலர் பொருமுகிறார்கள். அவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்தபோது அதை வரவேற்றவர்கள் நாம். அங்கே தெலுங்கு, உருது, மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் விலக்குக் கேட்டுக் கோர்ட்டு வாசலில் நின்றார்கள். தமிழ்நாட்டு அரசு வேலைக்குத் தமிழ்த் தாளில் 40 சதவிகித மார்க் கட்டாயம் என்று 2021 டிசம்பரில் உத்தரவு வந்தபோதும் நாம் மகிழ்ந்தோம். ஊருக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் என்று பேசுவது எடுபடாது.

ஆகவே பள்ளிப் பிள்ளைக்கு மராத்தி கட்டாயம் என்றால் சரி. ஜனங்களோடு பேச வேண்டிய சர்க்கார் உத்தியோகத்துக்கும் சரி. நாற்பது வயதில் மூட்டை தூக்குகிறவனைத் தெருவில் நிறுத்தி, "பேசு பார்க்கலாம்" என்று மிரட்டுவது எந்தக் கணக்கில் சேரும்? ஜெர்மனியில் 2005 முதல் குடியேறுகிறவர்களுக்கு மொழி வகுப்பு நடக்கிறது. பொதுவாக 600 மணி நேரம். செலவில் பெரும்பங்கு அரசுடையது. கேட்கிறவன் கற்றும் கொடுக்கிறான்! இங்கே கன்னத்தில் அறையக் கை நீளுகிறது. சிலேட்டும் பலகையும் கொடுக்க எந்தக் கையும் நீளக் காணோம்.

காகிதம் பேசும் மொழி

அடிக்குப் பயந்து படிக்க வேண்டியதில்லை என்பது ஒரு பக்கம். படிக்காமல் இருப்பதில் நஷ்டம் யாருக்கு என்பது இன்னொரு பக்கம். கடைத்தெருவில் ஹிந்தி செல்லும். போலீஸ் ஸ்டேஷனில் எழுதும் பஞ்சநாமாவும், கீழ்க் கோர்ட்டு சம்மனும், தாசில்தார் ஆபீஸ் நோட்டீசும் மராத்தியில்தான் வருகின்றன. குடிசை மாற்று வீட்டுக்குப் பெயர் சேர்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1.1.2000-க்கு முன்பிருந்தே குடியிருந்தால் இலவச வீடு. அதன் பிறகு 2011-க்குள் வந்தவருக்குப் பணம் கட்டினால்தான் வீடு. எந்தத் தேதிக்கு எந்தச் சான்று, தன் பெயர் பட்டியலில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தானே படித்துப் பார்க்கத் தெரியாதவன் ஏஜெண்டை நம்பிக் கைநாட்டு வைக்கிறான். முப்பது வருஷம் இருந்த குடிசையின் கதி அந்த ஏஜெண்டின் நாக்கில் தொங்குகிறது. பெண்கள் பாடு இன்னும் மோசம். புருஷன் வேலைக்குப் போன நேரத்தில் அதிகாரி வந்து நின்றால், பக்கத்து வீட்டுப் பள்ளிப் பையனைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

மராத்தி நமக்கு அப்படி ஒன்றும் எட்டாக்கனி அல்ல. ஹிந்தியில் இல்லாத நம் "ள" அதில் இருக்கிறது. தமிழில் "நாம்" வேறு, "நாங்கள்" வேறு அல்லவா? ஹிந்தியில் இரண்டுக்கும் "ஹம்" ஒன்றுதான். மராத்தியில் கேட்பவரையும் சேர்த்தால் "ஆபண்"; சேர்க்காவிட்டால் "ஆம்ஹீ". ஹிந்தி படித்தவருக்கு எழுத்தும் புதிதல்ல. "மலா தோடீ மராத்தி யேதே", அதாவது எனக்குக் கொஞ்சம் மராத்தி வரும் என்று ஆரம்பித்துப் பாருங்கள். எதிரே இருக்கும் ஆபீஸ் குமாஸ்தாவின் முகம் மாறும்.

மராத்தி பேசினால் தமிழ் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் தஞ்சாவூரைப் பார்க்க வேண்டும். 17-ம் நூற்றாண்டில் மராட்டியர் அங்கே ஆட்சிக்கு வந்தார்கள். பெரிய கோயில் சுவரில் அவர்கள் வெட்டிய நீண்ட மராத்திக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. ஆட்சி 1855-ல் போயிற்று. அவர்கள் வழிவந்த குடும்பங்கள் வெளியே நல்ல தமிழ் பேசி, வீட்டுக்குள் தங்கள் மராத்தியையும் விடாமல் வைத்திருக்கின்றன.

நம் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் மண்டபம் பிடிக்கின்றன, நல்லதுதான். அதே மண்டபத்தில் வாரம் இரண்டு நாள், வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஒன்றும், பகலில் பெண்களுக்கு ஒன்றுமாக மராத்தி வகுப்பு வைக்கலாம். கதை, கவிதை பிறகு பார்க்கலாம். முதல் பாடமாக ரேஷன் கார்டு விண்ணப்பத்தையும் மாநகராட்சி நோட்டீசையும் படிக்கச் சொல்லித் தரட்டும். ஓய்வு பெற்ற மராத்தி வாத்தியார்கள் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள்.