தாத்தாவோட மைக் செட் ஏன் கரகரங்குது?

போன கோடையில திருவையாறு பக்கம் எங்க வீட்டுப் பரணிலேர்ந்து தாத்தாவோட வால்வு ஆம்ப்ளிஃபயரை இறக்கினேன். ஒரு காலத்துல கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் குழாய் ஸ்பீக்கரோட வண்டியேறிப் போன பெட்டி. அதுல என் கிடாரை சொருகணும்னு ஆசை.

வருஷக்கணக்கா தூங்கின பெட்டியை நேரா பிளக்ல மாட்டக் கூடாது. சீரிஸ்ல ஒரு 100 வாட் குண்டு பல்பு போட்டுத்தான் ஆன் பண்ணினேன். உள்ளே ஷார்ட் இருந்தா பல்பு பிரகாசமா எரிஞ்சு காட்டிக் கொடுத்துடும். இன்னொண்ணு, ஸ்பீக்கர் மாட்டாம ஓட்டாதீங்க, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும்.

பத்து நிமிஷம் அருமையா பாடுச்சு. அப்புறம் கரகரன்னு ஆரம்பிச்சது. கிடார்காரங்க விரும்புற ஓவர்டிரைவ் வேற. அது கம்பியை அழுத்தி அடிச்சா கூடும், மெதுவா தொட்டா குறையும். இது மெதுவா தொட்டாலும் கரகரத்தது.

ஸ்பீக்கரையும் வயரையும் மாத்திப் பார்த்தேன், அதே சத்தம். சின்ன வால்வுகளைப் பென்சிலால தட்டினேன். கெட்டதுன்னா 'டங்'னு ஒலிக்கும். எல்லாம் சரி. அப்பதான் விளக்கை அணைச்சுட்டுப் பார்த்தேன்: ரெண்டு ஈஎல்34-ல ஒண்ணோட உள்தகடு செக்கச்செவேல்னு இருந்தது.

ஈஎல்34-ல அஞ்சாவது பின்தான் கிரிட். அது பூஜ்யத்திலோ நெகட்டிவ்லயோ இருக்கணும். மீட்டர் பாசிட்டிவ் காட்டிச்சு. வால்வைக் கழட்டின பிறகும் அந்த பாசிட்டிவ் போகலை. அப்போ குத்தம் வால்வுல இல்லை, முன்னாடி இருக்கிற கப்ளிங் கண்டன்சர்ல. முந்தின ஸ்டேஜோட டிசி-யைத் தடுத்து, பாட்டை மட்டும் விடுறதுதான் அதோட வேலை. பழைய காகிதக் கண்டன்சர், எங்க ஊர் ஐப்பசி கார்த்திகை ஈரத்தை எத்தனை வருஷம் குடிச்சதோ, டிசி-யையும் கசிய விட்டிருக்கு. வால்வு அளவுக்கு மீறி கரண்ட் இழுத்து, சூடாகி, அலையோட ஒரு பக்கத்தை நசுக்கும். நமக்கு அது கரகரப்பா கேக்கும்.

இந்த இடத்துல அவசரப்படாதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஃபில்டர் கண்டன்சர்ல 400 வோல்ட் வரைக்கும் நிக்கலாம். ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ற பழக்கத்தை நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு ரெசிஸ்டர் வழியா இறக்கி, மீட்டர்ல பூஜ்யம் பார்த்த பிறகுதான் உள்ளே கை வெச்சேன். ஆன்ல அளக்கும்போது ஒரு கை முதுகுக்குப் பின்னாடி.

0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கண்டன்சர் ரெண்டு வாங்கினேன். ஒண்ணுதான் கெட்டிருந்தது, ஜோடியும் அதே வயசு, அதையும் மாத்திட்டேன். செவந்த வால்வு தேறலை. புது ஜோடி வால்வு விலையைக் கேட்டுட்டு அம்மா ஒரு நாள் முழுக்கப் பேசலை.

இப்போ கரகரப்பு இல்லை. ஆனா ஊர்ல எல்லா பம்ப்செட்டும் ஒண்ணா ஓடுற நேரத்துல 230 வோல்ட் 190-க்கு இறங்கிடும். 6.3 வோல்ட் கேக்குற ஹீட்டருக்கு 5.2 தான் கிடைக்கும், சத்தம் மங்கும். அப்போ நான் கிடாரைக் கீழே வெச்சிடுவேன்.